இருபதுக்குக் கீழே

காகிதத்தை அந்த ஸ்டூல் மேலே வையுங்கள், தம்பி. ஃபேன் காற்றில் பறக்கும், குக்கர் வெயிட் ஒன்றைத் தூக்கி வைத்துவிடுங்கள். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக் குக்கரும் ரிப்பேருக்கு என்னிடம்தான் வரும். உட்காரும்போது பார்த்து உட்காருங்கள், கேஸ்கட் கிடக்கும். கையெழுத்து அப்புறம். படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் இல்லை நான். படிக்கிறதுக்கு முன்னால் நடந்ததை நீங்கள் என் வாயால் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆபீசில் உட்கார்ந்துகொண்டு நீங்களே ஒன்றை எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் ஆயிற்றா?

விஷயம் எனக்குப் புரியாமல் இல்லை. எஸ்தர் என்கிற நர்ஸ் ஏழு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள். என் மருமகன் சேர்மராஜின் தலையிலிருந்து தண்ணீர் வடிய ஒரு குழாய் போட்டிருந்தீர்கள். அதை அவள் கவனக்குறைவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டாள் என்று விசாரணை. இறக்கியது நான் என்று நானே எழுதிக் கொடுத்தால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். கொடுக்காவிட்டால் இந்த மாதத்தோடு ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கிவிடுவீர்கள். என் மகள் உலகம்மாள் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஆனால் அவள் கண்ணால் பார்த்தவள் இல்லை, நான் சொல்லிக் கேட்டவள், ஆகையால் அது செல்லாது. அவ்வளவுதானே? நீங்கள் கால் மணி நேரம் இழுத்ததை நான் ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். ஆபீஸ் ஆட்கள் இப்படித்தான்.

நான் யார் என்று தெரிந்துகொண்டுதான் வந்தீர்களா? இதோ இந்தச் சங்கரன்கோவிலில், பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் ஆபரேட்டர். முதல் வகுப்புச் சான்றிதழ். பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றவன், பரீட்சைக்கு நானாகப் படித்து எழுதினேன். முப்பத்தோரு வருஷத்தில் என் கேஜ் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது கிடையாது. பிரஷர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தருவதற்கு உங்கள் ஊரில் ஆள் பிறக்கவில்லை.

மருமகன் பூ வியாபாரம். மார்க்கெட்டில் கமிஷன் கடை. ஆம்பளை பார்க்கிற வேலையா? மல்லிகையையும் பிச்சியையும் ஈரச்சாக்கில் கட்டி டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு போவான். கையில் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்து, இது எந்த ஊர்த் தோட்டம், எத்தனை மணிக்குப் பறித்தது என்று சொல்லிவிடுவானாம். அதைப் பெரிய வித்தை என்று என் மகள் சொல்லுவாள். நான் பார்த்து வைத்த நாலு மாப்பிள்ளைகளையும் தள்ளிவிட்டு அவளே தேடிக்கொண்டவன், பின்னே எப்படிச் சொல்லுவாள்? என் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் வாசம். "என்னடே, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வாரியா?" என்பேன். சிரிப்பான். எதற்கும் சிரிப்பான். ரோசம் இல்லாத ஆள்.

ஆடித்தபசு வாரம். பூவுக்குக் கிராக்கி. காலை ஏழு மணிக்கு இரண்டு சாக்கு ஏற்றிக்கொண்டு வந்தவன், ரோட்டில் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையைக் கவனிக்கவில்லை. வெள்ளைக் கோடு போடாமல் விட்டிருந்தார்கள். தூக்கி எறிந்துவிட்டது. தலையில் ஹெல்மெட் இல்லை. ஹெல்மெட் எங்கே இருந்தது தெரியுமா? ஹாண்டில்பாரில் தொங்கியது. அதற்குள் பூ. என் மகளுக்கென்று தனியாகப் பொறுக்கி எடுத்த பிச்சிப்பூவை அதில் போட்டுவைத்திருக்கிறான். போலீஸ்காரர் அதை அப்படியே கொண்டுவந்து எங்களிடம் நீட்டினார். ஒரு பூ நசுங்கவில்லை. நல்ல ஹெல்மெட்.

உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் நௌஷாத் வெளியே வந்து படம் வரைந்து விளக்கினார். என்ன வயது இருக்கும் அவருக்கு, முப்பத்தைந்து? "ஐயா, மண்டை ஓடு மூடின பெட்டி மாதிரி. உள்ள மூளை, ரத்தம், தண்ணி மூணும் இருக்கு. அடிபட்டதுல மூளை வீங்குது. பெட்டி விரியாது. அதனால உள்ள பிரஷர் ஏறுது. ரொம்ப ஏறினா மூளைக்கு ரத்தம் போறது நின்னுடும்."

எனக்குச் சொல்கிறார், தம்பி. எனக்கு!

நான் கேட்டேன்: "இதுக்கு சேப்டி வால்வு எங்க இருக்கு டாக்டர்?"

அவர் சிரித்தார். "அதைக் கடவுள் வைக்கலை ஐயா. நாங்கதான் வைக்கணும்."

பாய்லர் சட்டப்படி ஒன்றுக்கு இரண்டு சேப்டி வால்வு இல்லாமல் இன்ஸ்பெக்டர் ஒரு பாய்லரையும் பாஸ் பண்ண மாட்டார். கடவுள் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டார். நான் சொன்னேன்: "அப்பம் மூடியத் திறந்துவிட வேண்டியதுதான? என்ன யோசனை?" அவர், "தேவைப்பட்டா மண்டை ஓட்டை எடுப்போம் ஐயா. அது கடைசி. முதல்ல செய்ய வேண்டியது நிறைய இருக்கு, படிப்படியாத்தான் போகணும்" என்றார்.

அந்தப் படிகளைத்தான் நான் பார்த்தேனே. தலைமாட்டுப் பக்கம் கட்டிலைச் சரிவாகத் தூக்கி வைப்பது ஒரு வைத்தியம். கழுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் துண்டைச் சுருட்டி இரண்டு பக்கமும் முட்டுக்கொடுப்பது ஒரு வைத்தியம். கழுத்து மடங்கினால் ரத்தம் கீழே இறங்காதாம். மருந்து கொடுத்து உறங்க வைத்து மிஷினில் மூச்சுவிட வைப்பது, காய்ச்சல் வராமல் ஈரத்துணி போடுவது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் மருந்து ஏற்றி மூளையில் இருக்கிற நீரை உறிஞ்சி மூத்திரமாக வெளியே தள்ளுவது. சளியை எடுக்கும்போது பிரஷர் ஏறும், அதனால் சட்டென்று எடுத்துவிட்டு நிறுத்துவது. யாரும் சத்தமாகக் கூப்பிடக் கூடாது, உலுக்கக் கூடாது. உறங்கவைத்துவிட்டுக் காவல் இருப்பதற்குப் பதினைந்து வருஷப் படிப்பு!

சேர்மராஜின் அம்மா ஏரல் கோயிலிலிருந்து கயிறு கொண்டுவந்து மகன் கழுத்தில் இறுக்கிக் கட்டிவிட்டாள். அரை மணி நேரத்தில் நர்ஸ் அதை அவிழ்த்துக் கட்டில் கம்பியில் கட்டினாள். "கழுத்துல எதுவும் இறுக்கக் கூடாதும்மா, பிரஷர் ஏறும். சாமி கம்பியில இருந்தும் பாத்துக்கிடும்" என்றாள். அந்த அம்மாள் தலையாட்டினாள். விவரம் இல்லாத ஜனங்கள், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்வார்கள்.

அந்த நர்ஸ்தான் எஸ்தர். இருபத்தாறு, இருபத்தேழு வயது. வாய் கொஞ்சம் நீளம்.

நடுமண்டைக்கு முன்னால் ஒரு துளை போட்டு, மூளைக்குள் தண்ணீர் தேங்குகிற இடம்வரை மெல்லிய குழாய் விட்டிருந்தார்கள். அந்தக் குழாய் ஸ்டாண்டில் தொங்குகிற ஒரு கண்ணாடிக் குப்பிக்குப் போகும். ஸ்டாண்டில் ஸ்கேல் மாதிரி கோடு. பூஜ்யம் காதுத் துவாரத்துக்கு நேராக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் இருக்கிறதே, அதைப் பிடித்துப் பார்த்துத்தான் எஸ்தர் அதைச் சரிசெய்வாள். கட்டிலை ஏற்றினாலும் இறக்கினாலும் மறுபடி ரசமட்டம். குப்பி பதினைந்தாம் கோட்டில். உள்ளே பிரஷர் அதற்கு மேலே ஏறினால் மட்டும் தண்ணீர் சொட்டும். பக்கத்தில் டிவி மாதிரி ஒரு பெட்டியில் நம்பர். இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும். இவ்வளவுதான் மொத்த விஞ்ஞானமும். முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. என் பாய்லரில் இதைவிடச் சிக்கலான குழாய்கள் பன்னிரண்டு இருந்தன.

காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் ஒரு ஆள் உள்ளே போகலாம். உலகு போவாள். அவள் தளர்ந்து உட்கார்ந்தால் நான் போவேன். போய் நம்பரைப் பார்ப்பேன். பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு.

எஸ்தர் சொல்லுவாள்: "தாத்தா, அந்தப் பெட்டியைப் பாக்காதீங்க. அது எங்க வேலை. மருமகன் முகத்தைப் பாருங்க. கையை மெதுவாத் தொடுங்க."

"முகத்துல என்னம்மா தெரியும்? பாய்லர் முகத்தையா நான் பாத்துட்டிருந்தேன் முப்பத்தோரு வருசம்?"

"இது பாய்லர் இல்லியே தாத்தா, மாப்பிள்ளை இல்லியா?" என்று சிரித்தாள். வார்டே கேட்டது. பக்கத்துக் கட்டில் ஆளின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படிப்பட்டவள் அவள்.

நான் ஒன்று சொல்கிறேன், தம்பி. பிரஷரை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும், இறக்குவதற்கு அதைவிடப் பொறுமை வேண்டும். என்னிடம் முப்புடாதி என்று ஒரு ஃபயர்மேன் இருந்தான், நாற்பது வயது ஆள். ஒரு நாள் ஷிப்டு முடிந்து சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று, கொதித்துக்கொண்டிருக்கிற பாய்லரில் ஸ்டீமையும் தண்ணீரையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டான். முள் சரசரவென்று இறங்கிற்று. அவனுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் பார்த்தால் குழாய் இணைப்பு எல்லாம் விட்டுக் கசிகிறது. சூடாய் விரிந்து நிற்கிற இரும்பைச் சட்டென்று இறக்கினால் அது இழுத்துக்கொண்டு எங்கேயாவது கிழியும். செவிட்டில் ஒன்று வைத்தேன் அவனுக்கு. "முள்ளு எறங்குனாப் போதுமால? உள்ள என்ன நடக்குன்னு பாக்க வேண்டாமா?" என்று கேட்டேன். அன்றோடு அவனை வேலையை விட்டு அனுப்பினேன். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நான் மசியவில்லை. தொழிலில் தயவு தாட்சண்யம் கூடாது.

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆம், நாலாம் நாள். சாயங்காலம் நாலரை மணி. உலகு காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. இட்லி சாப்பிட்டு வா என்று விரட்டிவிட்டு நான் உள்ளே போனேன். நம்பர் இருபத்திரண்டு. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், இருபத்து நாலு. பெட்டி கத்துகிறது. இருபத்தைந்து.

எஸ்தரைப் பார்த்தால், அவள் எதிர்க் கட்டிலில். அங்கே ஒரு ஆளுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அவளும் இன்னும் இரண்டு பேரும் ஏறி நின்று நெஞ்சை அமுக்குகிறார்கள். அங்கிருந்தே திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "தாத்தா, வெளிய போங்க! இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கேன், இப்ப வந்துருவாங்க! எதையும் தொடாதீங்க!"

போவேனா? சிவப்புக் கோட்டைத் தாண்டின கேஜை விட்டுவிட்டு எந்த ஆபரேட்டர் வெளியே போவான்? என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும் தலைவலி தலைவலி என்று இரண்டு நாள் சொன்னாள். ரத்தக்கொதிப்பு. எனக்கு அன்றைக்கு மில்லில் வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன். மாத்திரை போட்டுப் படு என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்க்கும்போது முடிந்துவிட்டது. அவளுக்கு யாரும் கேஜ் மாட்டியிருக்கவில்லை. அது வேறு விஷயம், அதை எழுதிக்கொள்ளாதீர்கள்.

குப்பியைப் பார்த்தேன். ஒரு சொட்டு விழுகிறது, அடுத்த சொட்டுக்கு நேரமாகிறது. இதற்கு டாக்டர் எதற்கு? குழந்தைக்குத் தெரியும், பானையைக் கீழே இறக்கினால் தண்ணீர் வேகமாக வரும். ஸ்டாண்டில் ஒரு திருகு இருந்தது. தளர்த்தி, குப்பியை ஒரு சாண் கீழே இறக்கித் திரும்ப முறுக்கினேன். சொட்டு நூலாயிற்று. இருபத்தைந்து, இருபத்தொன்று, பதினாறு, பதினொன்று, எட்டு. பெட்டி வாயை மூடிற்று. கூப்பிட்டு வந்த சிஸ்டரும் சத்தம் நின்றதைப் பார்த்து எதிர்க் கட்டிலுக்கே ஓடினாள். வார்டில் எல்லாரும் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், நான் ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏதோ என் சொந்த பாய்லர் ரூமில் நிற்கிற மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள், விசாரணையில் அதுவும் ஒரு கேள்வியாக இருக்கும். எட்டு என்று காட்டும்போது முகத்தை ஏன் பார்க்க வேண்டும்?

வாட்ச்மேன் நேரமாயிற்று என்று கையைத் தட்டினான். குப்பியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இறங்கின பிரஷர் இறங்கினபடி இருக்கட்டும் என்று விட்டேன். வெளியே உலகு நின்றாள். "எப்படிப்பா இருக்காவ?" என்றாள். "எட்டு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு.

முக்கால் மணி நேரம் இருக்கும். உள்ளே தடதடவென்று ஓடினார்கள். அவனுக்கு ஒரு கண்மணி விரிந்துவிட்டதாம், மூளை நசுங்குகிற அடையாளமாம். கட்டிலோடு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், அங்கிருந்து நேரே ஆபரேஷனுக்கு. டாக்டர் நௌஷாத் முடித்துவிட்டு வந்து சொன்னது இது: தண்ணீர் ஒரேயடியாக வடிந்ததால் மூளை சுருங்கி இழுத்திருக்கிறது. மேலே இருக்கிற ரத்தக்குழாய் ஒன்று கிழிந்து உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. முன்னைவிட மோசமாகப் பிரஷர் ஏறி, வேறு வழியில்லாமல் வலது பக்க மண்டை ஓட்டை உள்ளங்கை அகலத்துக்கு எடுத்துவிட்டார்கள். எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள், வீக்கம் வடிந்த பிறகு திரும்ப வைப்பதற்கு.

நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா? மூடியைத் திறங்கள் என்று சொன்னேனா இல்லையா? நாலு நாள் படிப்படி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் நான் சொன்னதைத்தான் செய்தார்கள். அதற்கு ஒரு வார்த்தை நன்றி உண்டா?

டாக்டர் எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "குழாயை யார் இறக்கினது?"

எஸ்தர் சுவரோடு நின்றாள். "நான் எதிர் பெட்டுல இருந்தேன் சார். யாரும் தொட்டதை நான் பாக்கலை." அப்போது அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள், சொல்லவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டாளாம். பைத்தியக்காரி, தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. நான் சொல்லவில்லையே என்றால், என்னைப் பெயர் சொல்லி யாரும் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டார். பொதுவாகக் கேட்டதற்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? கேஜை விட்டு நகர்ந்த ஆபரேட்டர்தான் பொறுப்பு, எந்த மில்லிலும் அதுதான் சட்டம். உலகு மறுநாள் அவள் பேரில் புகார் எழுதினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கவனக்குறைவு" என்கிற வார்த்தைக்கு எழுத்துப் பிழை வந்தது, திருத்திக் கொடுத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் சேர்மராஜ் கண்ணைத் திறந்தான். இரண்டு மாதத்தில் இங்கே, இந்த வீட்டுக்குத்தான் கூட்டிவந்தோம். அவன் வீடு மாடி, ஏற முடியாது. இடது கை பாதி வேலைதான் செய்யும். எலும்பு எடுத்த இடம் தாழ்ந்து குழியாக இருக்கும். உலகு காலையில் எழுந்ததும் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "இன்னிக்கி மெத்துன்னு இருக்குப்பா" என்பாள். இருமினால் அது எழும்பும், அழுதால் எழும்பும். உள்ளங்கையால் பிரஷர் பார்க்கிற முதல் வகுப்பு ஆபரேட்டர் என் மகள்! எனக்குச் சிரிப்பாக வரும்.

ஐப்பசியில் எலும்பைத் திரும்ப வைத்தார்கள். ஆள் தேறிவிட்டான். ஒன்றே ஒன்று, மூக்கு போய்விட்டது. அடிபட்டபோது உள்ளே அந்த நரம்பு அறுந்துவிட்டதாம், வாசனை ஒன்றும் தெரியாது. அதற்கு என் மகள் இரண்டு நாள் அழுதாள். பூ வாசம் தெரியாவிட்டால் உலகம் அஸ்தமித்துவிட்டதா? கூட்டாளிகள் ஒரு கூடை பிச்சிப்பூ கொண்டுவந்து மடியில் கொட்டினார்கள். முகத்தை உள்ளே புதைத்து வைத்திருந்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான். பிறகு நிமிர்ந்து, "மாமா, நீங்க ஒருக்கா மோந்து பாத்துச் சொல்லுங்களேன், எப்பம் பறிச்சதுன்னு" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? "பூன்னா மணக்கத்தான் செய்யும், போடே" என்றேன். அதற்கும் சிரித்தான்.

கார்த்திகை மாசம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேர்மராஜ் வழக்கம்போல ஆரம்பித்தான். "எஸ்தர் சிஸ்டர் சத்தம் மட்டும் எனக்கு மங்கலா ஞாபகம் இருக்கு மாமா. 'அண்ணே, இப்பம் சளி எடுக்கப் போறேன், பயப்படாதீங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் செய்யும். நினைவே இல்லாதவன்ட்ட யாரு மாமா அப்படிச் சொல்லுவா? அவங்களா தப்புப் பண்ணியிருப்பாங்க? அவங்கதான் என்னைக் காப்பாத்தினது."

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். சோறு போட்டு, குளிப்பாட்டி, கையைப் பிடித்து நடக்க வைத்தது யார்? "போடே கூறுகெட்டவனே" என்றேன். "உன்னக் காப்பாத்துனது அவ இல்ல. நான். உனக்கு இருபத்தஞ்சு ஏறிட்டு. நான்தான் திருகத் தளத்தி ஒரு சாண் எறக்கி எட்டுக்குக் கொண்டாந்தேன்."

உலகு குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"எவ்வளவு எறக்குனிய?"

"ஒரு சாண்."

"நீங்களா?"

"பின்ன யாரு? அங்க எவளுக்குத் தெரியும்?"

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "எப்பா, அந்தப் பிள்ளை என்ட்ட வந்துச்சுப்பா. வெளிய மரத்தடியில வச்சி, 'அக்கா நான் தொடலக்கா, சத்தியமாத் தொடலக்கா'ன்னு அழுதுச்சு. நான் அது மூஞ்சியிலயே முழிக்காம எந்திரிச்சு வந்தேன். என் கையால புகார் எழுதுனேன். நீங்க பக்கத்துல இருந்து எழுத்துப் பிழை திருத்துனிய."

"திருத்தாம? ஆபீசுக்குப் போற காகிதம்."

"விடு உலகு, மாமா நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று அவன் ஆரம்பித்தான். "நீங்க சும்மா கெடங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அவன் வாய் மூடிற்று. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மறுநாள் சாமானைக் கட்டிவிட்டார்கள். பூ மார்க்கெட் பக்கம் கீழ்வீடு ஒன்று பார்த்துக் குடிபோய்விட்டார்கள். இங்கிருந்து பத்து நிமிஷ நடை. மூன்று மாதமாகிறது. நான் போகவில்லை. உயிரைக் காப்பாற்றியவன் எதற்குப் போய் நிற்க வேண்டும்? அவன் மட்டும் இரண்டு தடவை வந்தான், குக்கர் கேஸ்கட் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு. அவர்கள் வீட்டுக் குக்கர் புதுசு.

சரி, நடந்தது இதுதான். இப்போது காகிதத்தைக் கொடுங்கள். கண்ணாடி எங்கே, அந்த ஜன்னலில் பாருங்கள். ம்.

'சங்கரன்கோவில், சைசிங் மில் தெருவில் வசிக்கும் கோமதிநாயகம் ஆகிய நான்...' பெயர் சரி. '...என் மருமகனைப் பார்க்கச் சென்றபோது, பதற்றத்தில், விவரம் தெரியாமல், தவறுதலாக...'

இது யார் எழுதியது?

இல்லை தம்பி, கேட்கிறேன், யார் எழுதியது இது? விவரம் தெரியாமலா? எனக்கா? தவறுதலாகக் கை பட்டுவிட்டது என்று சொல்ல நான் என்ன கயிறு கட்ட வந்த கிழவியா?

யார் சொன்னார்கள்? உலகா? அவள் உங்கள் ஆபீசுக்கு வந்தாளா? எப்போது?

என்ன சொன்னாள்? சும்மா சொல்லுங்கள், சொன்னபடியே சொல்லுங்கள்.

'அப்பாவுக்கு வயசாயிட்டு, போலீஸ் கேஸ்னு அலைய விட்டுராதீங்க, தெரியாமச் செஞ்சிட்டாவன்னு போட்டுக்கிடுங்க.' இப்படியா? இந்த வார்த்தைகளா? நீங்களாகச் சேர்த்துச் சொல்லவில்லையே?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

சரி. போதும்.

அவளுக்குப் பிரஷரைப் பற்றி என்ன தெரியும்? உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறவள். பேனாவைக் கொடுங்கள். பயப்படாதீர்கள், கையெழுத்துப் போடத்தான் போகிறேன். இதை மட்டும் அடித்துவிடுகிறேன். கையைப் பிடிக்காதீர்கள் தம்பி, எனக்குக் கேட்கிறது. தெரிந்தே செய்தேன் என்று எழுதினால் கேஸ் வரும், அதானே? வரட்டும். தெரியாமல் செய்தவனைப் பாவம் என்று விட்டுவிடுவார்கள். என்னை யாரும் பாவம் என்று சொல்ல வேண்டாம். முப்புடாதிகூடத் தெரியாமல் செய்தேன் என்றுதான் சொன்னான். நான் விட்டேனா?

இந்தாருங்கள். மேலே எழுதியிருக்கிறேன், படிக்க முடிகிறதா? 'தெரிந்தே, நிதானமாக, திருகைத் தளர்த்தி ஒரு சாண் இறக்கினேன். பிரஷர் இருபத்தைந்திலிருந்து எட்டு. எதையும் தொடாதீர்கள் என்று நர்ஸ் எஸ்தர் சொன்னாள். அவள் அப்போது எதிர்க் கட்டிலில் இன்னொரு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.' லாக் புத்தகத்தில் முள் காட்டினதைத்தான் எழுத வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அந்த எதிர்க் கட்டில் ஆள் பிழைத்தானா? பிழைத்தானா! ம். நன்றாகத்தான் அமுக்கியிருக்கிறாள்.

கையெழுத்துக்குக் கீழே முதல் வகுப்பு பாய்லர் ஆபரேட்டர் என்று போட்டிருக்கிறேன். அழித்துவிடாதீர்கள்.

அடித்த இடத்தில் கோடு கொஞ்சம் அழுத்தமாக விழுந்து காகிதம் கிழிந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடியில் இருக்கிற வார்த்தை தெரிகிறதா? நல்லது. அது தெரியட்டும். உலகு எழுதச் சொன்னது அல்லவா.